பாம்புக் கடியும் பார்வதி அக்காவின் பற்றும்

பாம்பு என்னைக் கடித்தது ஒரே ஒரு தடவை. மற்றதையெல்லாம் என் குடும்பம் செய்தது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். பாம்புக்குப் படிக்கத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

நான் ஜோகூர் பக்கம் ரெங்கத்தில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். எங்கள் வீடு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை. பின்வேலிக்கு அந்தப் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். செம்பனை இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு வரும். இது எங்கள் வரிசையில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், வேனிலிருந்து கழற்றிய பழைய ரப்பர் விரிப்புகளைப் பின்பக்கக் குழாயடியில் குவித்து வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். "தூக்கிப் போடாத, எதுக்காவது ஆகும்" என்பார். ஆயிற்று. பாம்புக்கு வீடாயிற்று.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வேனைக் கழுவலாம் என்று வாளியை எடுத்தேன். வாளி அந்த விரிப்புக் குவியலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. மேல் விரிப்பைத் தூக்கினேன். வலது கை ஆள்காட்டி விரலில் முள் குத்தியது போல் ஒன்று. கையை இழுப்பதற்குள் டயரில் காற்றுப் போவது போலச் சத்தம். கறுப்பாக ஒன்று எழுந்து படம் எடுத்து நின்றது.

நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் சமையலறைக் கதவுக்கு வந்தார். பாம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கிரில் கதவை இழுத்துச் சாத்தினார்.

"சரசு, அசையாத!"

"நான் எந்தப் பக்கம் இருக்கேன்னு பார்த்துட்டுச் சாத்துங்க!"

"பயப்படாத லா, நான் இங்கதான் இருக்கேன்."

அங்கேதான் இருந்தார். கம்பிக்குப் பின்னால், கையில் போனோடு. படம் பிடித்துக்கொண்டிருந்தார். பாம்பு தானாக வேலிக்கு அடியில் நழுவிப் போன பிறகுதான் கதவு திறந்தது. முப்பது வருடமாக இந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறேன். இருந்தாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும்: அன்று எங்கள் வீட்டில் நடந்த ஒரே சரியான முதலுதவி அந்தப் படம்தான். அதை அப்புறம் சொல்கிறேன்.

அடுத்து வந்தவர் பார்வதி அக்கா. என் வீட்டுக்காரரின் மூத்த சகோதரி. கணவர் போன பிறகு எங்களோடு இருக்கிறார். நல்ல மனுஷி. ஆனால் கையில் போன் வந்த நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டு டாக்டர். பூரான் கடித்தால் வெங்காயம், தீப்புண்ணுக்குப் பற்பசை, குளவி கொட்டினால் சுண்ணாம்பு. யாரையாவது ஏதாவது கடிக்காதா என்று காத்திருந்தவர் மாதிரி ஓடி வந்தார்.

"ஐயோ சரசு! என்னா கடிச்சது?"

"பாம்பு! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

"போலாம், போலாம். மொதல்ல விஷத்த நிறுத்தணும். அப்படியே ஏறிடுச்சுன்னா?"

துண்டைக் கிழித்து முழங்கைக்கு மேல் கட்டினார். அது போதாதென்று சோற்றுக் கரண்டியின் காம்பை நடுவில் விட்டு முறுக்கினார். கை ஊதா நிறமாயிற்று. பிறகு மஞ்சள் தூளை அள்ளினார். அக்கா வெற்றிலை போடுபவர். சுண்ணாம்பு டப்பா எப்போதும் இடுப்பில் இருக்கும். இரண்டையும் குழைத்து விரலிலிருந்து மணிக்கட்டு வரை கனமாகப் பற்றுப் போட்டார். கடைசியாக வாசல் வேப்பமரத்தில் இலை பறித்து, அரைத்து, ஒரு பெரிய கோப்பை நிறையக் கொண்டு வந்தார்.

"குடி. வாந்தி எடுத்தா விஷம் எறங்கிடும்."

"விஷம் கையில இருக்கு லா அக்கா, வயித்துல இல்ல!"

"பேசாதே. பேசினா வேகமா ஏறும்."

ஏன் குடித்தாய் என்று இன்றுவரை எல்லாரும் கேட்கிறார்கள். கை அடுப்பில் வைத்தது போல எரியும்போது யார் எதைக் கொடுத்தாலும் அதுதான் மருந்து என்று தோன்றும். உங்களைக் கடித்தால் தெரியும். குடித்தேன்.

இதில் போன நேரத்தில் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் பாதி வழி போயிருக்கலாம்.

வீட்டில் இருந்த ஒரே வண்டி என் வேன். வீட்டுக்காரருக்கு லைசென்ஸ் இருக்கிறது, வேன் ஓட்டிப் பழக்கமில்லை. இரண்டாவது கியரிலேயே போனார். எதிரில் வந்த சைக்கிளுக்குக்கூட ஒதுங்கி வழிவிட்டார்.

"நகருங்க, நானே ஓட்டுறேன்!"

"ஒத்தக் கையால ஓட்டுவியா? ஒக்காரு."

"மூனாவது கியர் போடுங்க!"

"கத்தாத சரசு, எனக்குப் பதட்டமாவுது."

கடித்தது என்னை, பதட்டம் அவருக்கு. வழியில் என் சொந்த வேனில், நான் பிள்ளைகளை மிட்டாய்கூடத் தின்ன விடாத வேனில், வாந்தி எடுத்தேன். "பாத்தியா, எறங்குது" என்று பின் சீட்டில் அக்கா சந்தோஷப்பட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வாந்தி நிற்கவில்லை. என்னைப் படுக்கையில் போட்டு நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். இதயத் துடிப்பைப் பெட்டியில் காட்டுவதற்கான ஒயர்கள். வீட்டுக்காரரையும் அக்காவையும் வெளியே நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். ஒரு இளம் டாக்டர் வந்தார். ஜோகூர் பாருவில் வளர்ந்த நம் பெண். கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கை முழுக்க ரத்தச் சிவப்பு. நர்ஸ் மிஸியைக் கூப்பிட்டார், மூத்த டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். இவ்வளவு சீக்கிரம் தோல் இப்படி ஆகக்கூடாதே என்று முணுமுணுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கை போயிற்று என்று முடிவு செய்துவிட்டேன்.

டாக்டர் பஞ்சால் மெல்லத் துடைத்தார். பஞ்சு சிவந்தது. அதை மூக்கருகே கொண்டு போனார்.

"ஆன்ட்டி... என்னா இது? உங்க கைக்கு ஆரத்தி எடுத்தாங்களா?"

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும். கல்யாண வீட்டில் நாம் எல்லாரும் பார்த்ததுதான். ஆனால் பற்றுப் போடும்போது அக்காவுக்கும் அது தோன்றவில்லை, போட்டுக்கொண்ட எனக்கும் தோன்றவில்லை. ஒரு மிஸி நின்று அதை முழுக்கக் கழுவினார். பற்றுக்கு அடியில் தோல் எப்படி இருக்கிறது, வீக்கம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால்தான் டாக்டரால் எதையும் முடிவு செய்ய முடியும். நாங்கள் அதைத்தான் மூடி வைத்திருந்தோம்.

"சரி. ஆனா வாந்தி நிக்கல. விஷம் உடம்பு முழுக்கப் போயிடுச்சோன்னு பயமா இருக்கு" என்றார் டாக்டர்.

"அந்தக் கருமத்தக் குடிச்சா யாருக்கு லா வாந்தி வராது?"

டாக்டரின் கை நின்றது. "என்னா கருமம்?"

"வெளிய நிக்கிறாங்களே, அவங்கள்ட்ட கேட்கலயா?"

"கேட்டேன். ஒன்னுமே குடுக்கலன்னு சொன்னாங்க."

அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஸ்கூலில் பிடிபட்ட பிள்ளை மாதிரி வந்து நின்றார்.

"ஆன்ட்டி, என்னா குடுத்தீங்க? நான் ஏச மாட்டேன். எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

"வேப்பெல."

"வேற?"

"வேற ஒன்னுமில்ல."

"வேற, ஆன்ட்டி?"

"உப்பு. ஒரு கைப்பிடி."

"அலமாக். வேற?"

"மொளகு."

"அவ்வளவுதானா?"

"திருநீறு. அது மருந்து இல்லையே, அதனால சொல்லல."

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு எனக்கு விளக்கினார். சில பாம்புகளின் விஷம் நரம்பைப் பிடிக்கும். வாந்தி வரலாம், கண் இமை தொங்கும், பிறகு விழுங்க முடியாது, மூச்சும் நிற்கும். வாந்தி வேப்பிலையால் வந்ததா விஷத்தால் வந்ததா என்று தெரியாவிட்டால் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் பார்ப்பது போல. அக்கா மூலையில் நின்று அழுதார். எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தால் வேப்பிலைதான் வந்தது.

முழங்கைக் கட்டை உடனே அவிழ்க்கவில்லை. இதையும் தெரிந்துகொள்ளுங்கள். இறுக்கிக் கட்டினால் கைக்கு ரத்தம் போகாது, சதை சாகும். திடீரென அவிழ்த்தால் தேங்கியிருந்த விஷம் ஒரே மூச்சில் உடம்புக்குள் பாயும். ஆகவே ரத்தக் குழாயில் ஊசி ஏற்றி, மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். கட்டாமலே வந்திருந்தால் இந்தக் கூத்து வேண்டியதில்லை.

என் கல்யாண மோதிரமும் போயிற்று. விரல் வீங்கி மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது. சின்ன ரம்பம் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வெட்டினார்கள். கடித்த உடனே மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமாம். எங்கள் வீட்டில் மஞ்சளைத் தேடினார்கள், மோதிரத்தை யாரும் பார்க்கவில்லை.

பிறகு எந்தப் பாம்பு என்ற கேள்வி. வீட்டுக்காரர் கையை அகல விரித்து, "இவ்ளோ நீளம் டாக்டர்" என்றார். அடுத்த டாக்டரிடம் இன்னும் கொஞ்சம் விரித்தார். மூத்த டாக்டர் வந்தபோது கை போதாமல் கதவைக் காட்டினார். கடைசியில்தான் போன் ஞாபகம் வந்தது. படத்தில் கம்பிகள் மங்கலாக, நடுவில் வாளி, வாளிக்குப் பக்கத்தில் படமெடுத்த கறுப்பு நாகம், அதற்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நான். டாக்டர் அதைப் பாம்பு விஷத்தில் தேர்ந்த வேறொரு டாக்டருக்கு அனுப்பினார். துப்பும் நாகம் என்று பதில் வந்தது. கண்ணில் விஷத்தைத் துப்பக்கூடிய ஜாதி. துப்பியிருந்தால் உடனே கண்ணைத் தண்ணீரால் நிறைய நேரம் கழுவ வேண்டும் என்றார் டாக்டர். கண்ணிலும் பற்றுப் போட்டிருப்பார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

பாம்பைத் துரத்தாதீர்கள், அடிக்காதீர்கள், பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்துக்கொண்டு வராதீர்கள். தூரத்தில் நின்று ஒரு படம் எடுத்தால் போதும். அதற்காகப் பெண்டாட்டியை வெளியே விட்டுக் கதவைச் சாத்த வேண்டும் என்று டாக்டர் சொல்லவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன்.

வாந்தி நின்றது. அக்கா முகத்தில் உயிர் வந்தது. "அப்ப விஷம் இல்ல, என் வேப்பெலதான்" என்று ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி சொன்னார். ஆனால் கை அதைக் கேட்கவில்லை. வீக்கத்தின் விளிம்பில் டாக்டர் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதியிருந்தார். வீக்கம் அந்தக் கோட்டைத் தாண்டியது. புதுக் கோடு போட்டார்கள். அதையும் தாண்டியது. என் கை பேருந்து அட்டவணை மாதிரி ஆயிற்று. இது மஞ்சள் இல்லை, உப்பு இல்லை, நிஜ விஷம்.

அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. சாவுக்கு அல்ல. வலது கைக்கு. வலது கை இல்லாமல் ஸ்டீரிங்கை எப்படிப் பிடிப்பது? எனக்கு வேறு வேலை தெரியாது. வீட்டில் உட்கார்ந்து பார்வதி அக்காவோடு நாள் முழுக்க வைத்தியக் குறிப்பு கேட்க வேண்டியிருக்கும். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். வீட்டுக்காரரைத் திட்டினேன், தலையணையைத் திட்டினேன், சீராகத் துடிக்கும் பெட்டியைத் திட்டினேன்.

விஷமுறிவு மருந்து கொடுக்க முடிவு செய்தார்கள். குதிரையின் உடம்பில் விஷத்தைத் துளித்துளியாக ஏற்றி, அது பழகிய பிறகு அதன் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து. விஷத்தைப் பிடித்து அடக்கும். ஆனால் சில பேருக்குக் குதிரை ஒத்துக்கொள்ளாது. தடிப்பு வரும், மூச்சு முட்டும், ரத்த அழுத்தம் இறங்கும். அதனால்தான் கோடு தாண்டும் வரை பொறுத்திருந்தார்கள், அதனால்தான் பக்கத்தில் இன்னொரு ஊசியைத் தயாராக வைத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் தடித்தது, குளிரில் பல் அடித்தது. மருந்தை நிறுத்தி, ஊசி போட்டு, பிறகு மெதுவாக மறுபடி ஏற்றினார்கள். அந்த நேரம் முழுக்க வீட்டுக்காரர் என் இடது காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையெல்லாம் ஒயர், பிடிக்க அதுதான் கிடைத்தது.

இமை தொங்குகிறதா என்று அடிக்கடி வந்து விளக்கடித்துப் பார்த்தார்கள். ஒரு தடவை டாக்டர் சந்தேகப்பட்டு என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"அங்கிள், இவங்க கண்ணு எப்பவும் இப்படியா?"

"என்னைப் பார்க்குறப்ப எப்பவும் இப்படித்தான் டாக்டர்."

அடுத்த நாள் வீக்கம் கோட்டில் நின்றது. வார்டுக்கு மாற்றினார்கள். பக்கத்துப் படுக்கையில் ஹமீதா என்ற மூவார்க்கார அம்மா. மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் மீன் கழுவும்போது கெளுத்தி முள் குத்தி, உள்ளேயே ஒடிந்து சீழ் வைத்துவிட்டது.

"குத்தினதும் வெந்நீர்ல கைய வெச்சேன் தங்கச்சி, பொறுக்குற சூட்டுல. வலி பாதியா கொறைஞ்சிடுச்சு. முள்ளுதான் உள்ள நின்னுடுச்சு" என்றார்.

மிஸியும் அது சரிதான் என்றார். மீன் முள்ளின் விஷம் சூட்டில் அடங்கும். இதை அக்கா காதில் போட்டுக்கொண்டார். மறுநாள் ஃப்ளாஸ்க்கில் வெந்நீரோடு வந்தார்.

"அது மீனுக்கு அக்கா!" என்று நானும் ஹமீதாம்மாவும் ஒன்றாகக் கத்தினோம்.

"சரி சரி, கத்தாதீங்க. மைலோ கலக்கிக் குடிங்க."

இரண்டு பேரும் குடித்தோம். நன்றாகத்தான் இருந்தது.

விரல் நுனி கறுத்துவிட்டது. செத்த சதையை வெட்டி எடுக்காவிட்டால் மற்றது அழுகும் என்று சொல்லி, மரத்துப்போக வைத்துச் சுத்தம் செய்தார்கள். விரல் முழுசாகப் போகவில்லை. விஷம் போன பிறகும் குதிரை விடவில்லை: வீடு திரும்பிய அடுத்த வாரம் காய்ச்சலும் மூட்டு வலியும். அதுவும் அந்த மருந்தின் பின்விளைவுதான், மாத்திரையில் அடங்கிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அரசு ஆஸ்பத்திரி என்பதால் பில் எங்களை அடிக்கவில்லை. அந்த மருந்தின் ஒரு குப்பி என்ன விலை என்று டாக்டர் சொன்னதும் என் வீட்டுக்காரர் முகம்தான் அடிபட்டது போல் ஆயிற்று. அன்றைக்கே பழைய விரிப்பெல்லாம் குப்பை லாரிக்குப் போனது.

இந்த மனிதர் வார்டில் எனக்குத் தலை வாரிவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவை. ரப்பர் பேண்டால் கட்டினார். அவிழ்க்கும்போது பாதி முடி அதோடு வந்தது. வலித்தது. திட்டவில்லை. அக்கா வேனைக் கழுவினார். வாந்தியை, மூலை முடுக்கை, சீட்டுக்கு அடியில் பிள்ளைகள் ஒட்டிய சுவிங்கத்தை எல்லாம். உள்ளே கை விடுமுன் ஒவ்வொரு சீட்டையும் துடைப்பக் கட்டையால் அடித்துப் பார்த்தாராம். டாக்டர் சொன்னதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்திருக்கிறார். யார் வீட்டுக்கு வந்தாலும் ஒப்பிக்கிறார்: இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, எதையும் பூசாதே, எதையும் குடிக்கக் கொடுக்காதே. நகையைக் கழற்று. கையை ஆட்டாமல் பலகையில் வைத்துக் கட்டு, லேசாக. நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. என்ன செய்தாய் என்று கேட்டால் மறைக்காமல் சொல். கடைசி வரியை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுவார்.

கட்டுப் பிரித்த பிறகு ஒவ்வொரு நாளும் மிருதுவான பந்தை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். யாரையெல்லாம் நினைத்து அழுத்தினேன் என்று சொல்ல மாட்டேன். கடைசியாக க்ளினிக்குக்குப் போனபோது அதே டாக்டர் தன் மணிக்கட்டை நீட்டினார்.

"ஸ்டீரிங்க பிடிக்கிற மாதிரி பிடிங்க ஆன்ட்டி."

பிடித்தேன்.

"ஆ! போதும், போதும். நீங்க ஓட்டலாம்."

வெளியே வந்து கழிவறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

பிடி திரும்பிவிட்டது. ஆனால் ஆள்காட்டி விரல் மடங்காது. மற்ற நான்கும் ஸ்டீரிங்கைச் சுற்றி வளையும். அது மட்டும் நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். பழகிவிடும் என்றார் டாக்டர். மறுபடி வேன் எடுத்த முதல் நாள், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பிரதான சாலைக்குத் திரும்புகையில், ஒரு மோட்டார்சைக்கிள்காரன் குறுக்கே வெட்டி வந்தான். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். ஸ்டீரிங்குக்கு மேலே நேராகத் தன்னைக் குறிபார்க்கும் விரலைப் பார்த்தான். வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கி நின்று, தலை குனிந்து, "சாரி ஆன்ட்டி, சாரி" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.